ஹெட் பேக்கிங் மாற்றினால் மட்டும் போதுமா?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் சங்கச் செயலாளர் அவர்கள் என்னைக் கூப்பிட்டு, "இருபது நிமிஷம் பேசணும், தலைப்பை நீங்களே முடிவு பண்ணிக்குங்க" என்றார். கேஸ்கெட்டைப் பற்றிப் பேசுகிறேன் என்றதும் மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மெக்கானிக்கல் பிரிவு நண்பர்கள் பொறுத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கும் புரியும்படி பேச முயல்கிறேன். நடுவில் தூக்கம் வந்தால் தாராளமாகத் தூங்கலாம். நாலாவது பீரியடில் நமக்கு அது பழக்கமானதுதான்.

கேஸ்கெட் என்று புத்தகத்தில் படித்ததை நம் ஊர்ப் பட்டறைகளில் "பேக்கிங்" என்பார்கள். கார் சூடாகிறது, தண்ணீர் குறைகிறது என்று போய் நின்றால், "ஹெட் பேக்கிங் போயிடுச்சு சார், மாத்திட்டா சரியாயிடும்" என்ற பதில் வரும். அந்த வாக்கியத்தின் முதல் பாதி பெரும்பாலும் உண்மை. இரண்டாவது பாதியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வைத்துக்கொள்கிறேன். பெயர் ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர். இத்தாலியரான மிக்கெலொட்டி வடிவமைத்தது. இரண்டு பேர் உட்காரும் திறந்த கார். இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரின் கேன்லி தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் தயாரானது. "இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. 1961 முதல் நம் சென்னை வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை இங்கே மூத்தவர்கள் பலர் ஓட்டியிருப்பீர்கள். முன்புற பானெட் முழுவதும் மட்டைபோல் முன்னால் கவிழ்ந்து, இன்ஜின் பக்கத்திலேயே டயர் மேல் உட்கார்ந்து வேலை பார்க்கலாமே, அதே கார்தான். அந்த ஹெரால்டு இன்ஜினும் ஸ்பிட்ஃபயர் இன்ஜினும் ஒரே குடும்பம். 1953 இல் 803 சி.சி.யில் பிறந்து, ஹெரால்டுக்கு 948 ஆகி, ஸ்பிட்ஃபயருக்கு 1147, 1296, கடைசியில் 1493 சி.சி. வரை வளர்ந்தது. வார்ப்பிரும்பு பிளாக், வார்ப்பிரும்பு ஹெட், புஷ் ராட், நாலு சிலிண்டர். ரொம்பச் சாதாரணமான இன்ஜின். பாடம் படிக்க அதைவிட நல்ல இன்ஜின் கிடையாது.

கோவென்ட்ரியில் நான் பணியில் இருந்த காலத்தில், நண்பர் ஒருவர் வாங்கியிருந்த 1296 சி.சி. ஸ்பிட்ஃபயரைப் புதுப்பிக்கும் வேலையில் வார இறுதிகளில் கைகொடுத்தேன். நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி அந்தக் கொட்டகையில் கற்றது.

முதலில் ஒரு கணக்கு. அந்த இன்ஜினின் சிலிண்டர் விட்டம் 73.7 மி.மீ. அதாவது சுமார் 42.7 சதுர செ.மீ. பரப்பு. எரியும்போது உச்ச அழுத்தம் 50 பார் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கிப் பாருங்கள், ஒவ்வொரு முறை எரியும்போதும் ஹெட்டை மேலே தள்ளும் விசை இரண்டு டன்னுக்கு மேல். நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் நாலு சிலிண்டரும் சேர்ந்து விநாடிக்கு 100 தடவை இப்படித் தள்ளுகின்றன. இதைத் தாங்குவது யார்? ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய கனமுள்ள அந்தத் தகடா? இல்லவே இல்லை. தாங்குவது ஹெட்டை அழுத்திப் பிடித்திருக்கும் 10 ஸ்டட். இரண்டு உலோக முகங்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்களை நிரப்புவது மட்டுமே கேஸ்கெட்டின் வேலை. முகம் சரியில்லை, பிடி சரியில்லை என்றால் உலகத்திலேயே விலை உயர்ந்த கேஸ்கெட்டைப் போட்டாலும் அது போய்விடும்.

இதைத் தெரிந்துகொண்டால் வேலையின் வரிசை தானாகப் புரியும். புது கேஸ்கெட்டைப் பையிலிருந்து எடுப்பது கிட்டத்தட்ட கடைசி வேலை.

ஹெட்டை இறக்குவதிலிருந்து தொடங்குவோம். இன்ஜின் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். இறுக்கும் அதே வரிசையின் தலைகீழாக, ஓரத்திலிருந்து நடுவுக்கு, கொஞ்சம் கொஞ்சமாக நட்டுகளைத் தளர்த்த வேண்டும். பல வருஷம் நின்ற காரில் ஹெட் அசையாது. ஸ்டட்டும் ஹெட்டும் துருவேறி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். அப்போது ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் கொடுத்து நெம்புவதுபோல் பாவம் வேறில்லை. ஒரு கீறல் விழுந்தால் அந்த இடத்தில் பிறகு நிரந்தரமாகக் கசியும். துரு இளக்கும் எண்ணெயை ஒவ்வொரு ஸ்டட்டைச் சுற்றியும் விட்டு இரண்டு நாள் பொறுத்திருங்கள். அப்படியும் வரவில்லை என்றால் ஒரு பழைய வித்தை உண்டு. ராக்கரைக் கழற்றி, வால்வுகள் மூடியிருக்கும் நிலையில், ஸ்பார்க் பிளக் துளை வழியாகப் பருத்திக் கயிற்றைச் சிலிண்டருக்குள் நிறைத்துக் கிராங்கை மெல்லக் கையால் சுற்றினால், பிஸ்டன் கயிற்றை மேலே தள்ள, கயிறு ஹெட்டைத் தூக்கிவிடும். கயிற்றின் முனை மட்டும் வெளியே இருக்கட்டும்!

அடுத்து ஒரு முக்கியமான எச்சரிக்கை. அந்தக் காலத்துக் கேஸ்கெட்டுகளில் தாமிரத் தகட்டுக்கு நடுவே இருந்தது கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். பிரிட்டனில் 1999 இல் வெள்ளைக் கல்நாருக்கும் தடை வந்துவிட்டது. ஆனால் பழைய காருக்குள் ஒட்டிக்கொண்டிருப்பதைச் சட்டம் வந்து சுரண்டி எடுக்காது. எக்ஸாஸ்ட் பக்கத்துக் கேஸ்கெட்டிலும் அது இருக்கலாம். "ஒரிஜினல், பிரிக்காத பாக்கெட்" என்று அலமாரியிலிருந்து எடுத்து விற்கும் பழைய சரக்கிலும் இருக்கலாம். அந்தத் தூளைச் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோயும், நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோயும் வரக்கூடும். கெடுதல் உடனே தெரியாது, 20, 30 வருஷம் கழித்துத்தான் தெரியும். ஆகவே பழைய கேஸ்கெட்டை ஒருபோதும் உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள். கம்பி பிரஷ்ஷை டிரில்லில் மாட்டித் தேய்க்காதீர்கள். காற்றுக் குழாயால் ஊதாதீர்கள். நன்றாக நனைத்து, தகுந்த முகமூடி அணிந்து, கையால் மெதுவாக எடுத்து, ஈரத்துடனேயே பையில் போட்டுக் கட்டுங்கள். இந்தக் கூட்டத்தில் பட்டறை வைத்திருக்கும் நண்பர்கள் சிலர் இருக்கிறீர்கள். உங்களிடம் வேலை கற்கும் பையன்களுக்கு இதை அவசியம் சொல்லுங்கள். காரை மறுபடி செய்துவிடலாம்.

சுத்தம் செய்வதற்கு முன்பு சிலிண்டர், தண்ணீர் வழி, எண்ணெய் வழி எல்லாவற்றையும் துணியால் அடையுங்கள். சுரண்டுவதற்குப் பித்தளைத் தகடு அல்லது கூர்மழுங்கிய பட்டை போதும். சுழலும் எமரி வட்டுகள் வேகமாகத்தான் வேலை செய்யும். ஆனால் முகத்தில் தெரியாமல் பள்ளம் பறித்துவிடும். அதிலிருந்து உதிரும் துகள் எண்ணெயில் கலந்து பேரிங்கைத் தின்னும்.

இப்போது அளவெடுக்கும் கட்டம். நேர்விளிம்புப் பட்டையை ஹெட்டின் நீளவாக்கில், குறுக்குவாக்கில், இரண்டு மூலைவிட்டத்தில் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பாருங்கள். 0.05 மி.மீ. நுழையவில்லை என்றால் கவலை இல்லை. 0.1 மி.மீ. தாராளமாகப் போனால் ஃபேஸிங் செய்ய வேண்டும். பெரும்பாலோர் ஹெட்டை மட்டும் பார்ப்பார்கள். பிளாக்கின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

நண்பரின் காரில் நடந்தது இதுதான். அதை வாங்கும்போது கூடவே ஒரு ரசீதுக் கட்டு வந்தது. முன்பு வேலை பார்த்தவர்கள் இரண்டு முறை ஹெட் கேஸ்கெட் மாற்றியிருந்தார்கள். ஒரு முறை ஹெட்டை ஃபேஸிங்கும் செய்திருந்தார்கள். இருந்தும் மூன்றாவது தடவையாக, இரண்டாம் மூன்றாம் சிலிண்டருக்கு நடுவே அதே இடத்தில் ஊதியிருந்தது. ஹெட்டில் பட்டையை வைத்தோம், நேராக இருந்தது. பிளாக்கில் வைத்தோம், பட்டை ராட்டினம்போல் ஆடியது. காரணம் என்னவென்றால், 50 வருஷமாக இழுக்கப்பட்ட ஸ்டட்டுகள் தங்கள் துளையின் வாயை மேலே இழுத்து, சுற்றிலும் ஒரு சின்ன வரம்பு கட்டிவிட்டிருந்தன. கண்ணுக்குத் தெரியாது, விரல் நகத்துக்குத் தட்டுப்படும். ஹெட் அந்த வரம்புகளின் மேல் உட்கார்ந்தால், நடுவிலுள்ள சிலிண்டர் வாய்க்கு அழுத்தம் எப்படிப் போய்ச் சேரும்?

பரிகாரம் ரொம்ப எளிது. இரண்டு நட்டுகளை ஸ்டட்டில் ஒன்றோடொன்று இறுக்கி, அடி நட்டைத் திருப்பி ஸ்டட்டை வெளியே எடுத்தோம். துளை வாயை லேசாகச் சாய்த்து வெட்டி, எண்ணெய்க் கல்லால் முகத்தைச் சமன் செய்தோம். அரை நாள் வேலை. ரசீதுகளில் இருந்த கூலியைக் கூட்டிப் பார்த்து நண்பர் பெருமூச்சு விட்டார். அதற்குப் பிறகு அந்த இடத்தில் ஊதவில்லை.

பணத்தைவிட எனக்கு வருத்தமாக இருந்தது அந்தத் தேவையில்லாத ஃபேஸிங்தான். ஃபேஸிங் செய்யும் ஒவ்வொரு முறையும் ஹெட்டின் கனம் குறைகிறது. கம்ப்ரஷன் விகிதம் ஏறுகிறது, ராக்கரின் கோணம் மாறுகிறது. கழித்த இரும்பைத் திரும்ப வைக்க முடியாது. 1980 இல் நின்றுபோன காருக்கு நல்ல நிலையில் உள்ள ஹெட் கிடைப்பது வருஷத்துக்கு வருஷம் கடினமாகிக்கொண்டே போகிறது. ஆகவே லேத் பட்டறைக்குக் கொடுக்கும் முன் ஹெட்டின் கனத்தை அளந்து எழுதி வையுங்கள். "தேவையான அளவு மட்டும்" என்று சொல்லிக் கொடுங்கள். "எதுக்கும் ஒரு கட் எடுத்துடலாம் சார்" என்ற வார்த்தைக்குத் தலையாட்டாதீர்கள்.

சரி, இப்போது கேஸ்கெட்டை எடுக்கலாம். முதலில் அது நம் இன்ஜினுக்கு உரியதுதானா? 948 சி.சி. இன்ஜினின் சிலிண்டர் விட்டம் 63 மி.மீ. 1296க்கு 73.7. வெளி உருவம் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், மாற்றிப் போட்டால் கேஸ்கெட்டின் விளிம்பு சிலிண்டருக்குள் நீட்டிக்கொண்டு எரியும். இந்தக் குடும்பத்தின் சில பிளாக்குகளில் சிலிண்டர் வாயைச் சுற்றிச் சிறு பள்ளம் உண்டு, சிலவற்றில் சமதளம். இரண்டுக்கும் கேஸ்கெட் வேறு வேறு. பிளாக்கின் மேலும் ஹெட்டின் மேலும் வைத்து ஒவ்வொரு துளையாகப் பொருத்திப் பாருங்கள். ஓரிடத்தில் பிளாக்கில் பெரிய தண்ணீர் வழி இருக்கும், கேஸ்கெட்டில் சின்னத் துளைதான் இருக்கும். "தப்பா வெட்டிட்டான்" என்று நினைத்து அதைப் பெரிதாக்கிவிடாதீர்கள்! எந்தப் பக்கம் எவ்வளவு தண்ணீர் போக வேண்டும் என்று அளந்து அனுப்புவதும் கேஸ்கெட்டின் வேலை. துளையைப் பெரிதாக்கினால் தண்ணீர் குறுக்கு வழியில் போய்விடும், மற்ற சிலிண்டர்கள் காயும்.

பசை தடவலாமா என்பது அடுத்த கேள்வி. இன்று கிடைக்கும் கூட்டுப்பொருள் கேஸ்கெட்டுகள் பலவற்றில் தயாரித்தவர்களே பூச்சு கொடுத்திருப்பார்கள். அவற்றை உலர்வாகவே போட வேண்டும். பழைய தாமிர வகைக்கு மெல்லிய பூச்சு போதும். உறையில் என்ன எழுதியிருக்கிறதோ அதைச் செய்யுங்கள். "மேல்பக்கம்" என்று அச்சிட்டிருந்தால் அது மேலேதான் இருக்க வேண்டும்.

இனி இறுக்கும் கட்டம். இந்த இன்ஜினின் ஹெட் நட்டுக்கு 42 முதல் 46 பவுண்டு-அடி. அந்த எண்ணை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவோம். டார்க் ரெஞ்ச் காட்டுவது முறுக்கு, நமக்கு வேண்டியது இழுவிசை. கொடுக்கும் முறுக்கில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் இழுவிசையாகிறது, மீதியை உராய்வு தின்றுவிடுகிறது. நாம் மூன்றாம் செமஸ்டரில் போட்ட கணக்குதான். 3/8 அங்குல ஸ்டட், 44 பவுண்டு-அடி. மரை சுத்தமாக, எண்ணெய் லேசாகத் தடவி, முறுக்குக் கெழு 0.2 என்றால் ஒரு ஸ்டட்டுக்கு மூன்று டன்னுக்கு மேல் பிடி கிடைக்கும். துருவும் அழுக்குமாக 0.3 என்றால் இரண்டு டன்தான். ரெஞ்ச் இரண்டு தடவையும் ஒரே மாதிரிதான் "டக்" என்று சொல்லும்! ஆகவே மரையையும் வாஷரின் முகத்தையும் சுத்தம் செய்வது அழகுக்காக அல்ல. நட்டு கையால் சுற்றியே அடிவரை இறங்க வேண்டும்.

நடுவிலிருந்து ஓரத்துக்கு, கையேட்டில் உள்ள வரிசைப்படி, மூன்று தவணையில் இறுக்குங்கள். முதலில் 15, பிறகு 30, கடைசியில் முழு அளவு. சுவரொட்டி ஒட்டுகிறவர் நடுவில் தடவி ஓரத்துக்குத் தள்ளிச் சுருக்கம் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே தத்துவம்தான்.

ஹெட்டுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்துவிட்டு மற்றக் கேஸ்கெட்டுகளை மறந்துவிடக் கூடாது. சம்ப் கேஸ்கெட் கார்க் என்றால் அதற்கு எதிரி நம் கைபலம். எண்ணெய் கசிகிறதே என்று இறுக்க இறுக்க, கார்க் பிதுங்கும், சம்ப்பின் தகடு போல்ட் துளையைச் சுற்றிக் குழிந்து போகும், மறுபடி கசியும். முதலில் சம்ப்பைக் கழற்றி, மரக்கட்டைமேல் வைத்துத் தட்டி விளிம்பைச் சமன் செய்யுங்கள். அப்புறம் மிதமாக இறுக்கினால் போதும். கார்க் கேஸ்கெட் காய்ந்து சுருங்கித் துளைகள் பொருந்தாமல் போனால், தண்ணீரில் சில மணி நேரம் ஊறவைத்தால் பழைய அளவுக்கு வந்துவிடும்.

இந்த இன்ஜினில் ஒரு வேடிக்கை உண்டு. சம்ப்பின் முன்பக்கம் பிளாக்குக்குக் குறுக்கே ஒரு சிறு அடைப்புக் கட்டை இருக்கும். ஆரம்பத்தில் அது அலுமினியம். அதன் இரு முனைச் சந்துகளையும் அடைப்பது என்ன தெரியுமா? மரத்துண்டு! சீல் பசை தடவி, இரண்டு மரச் செருகலைத் தட்டி இறக்கி, நீட்டிக்கொண்டிருப்பதைச் சீவிவிட வேண்டும். பார்த்ததும் சிரிப்பு வரும். ஆனால் ஒழுங்காகச் செய்தால் அது ஒழுகாது. அலுமினியத்தில் மரை சீக்கிரம் கழன்றுவிடும் என்பதால், அங்கே கை லேசாக இருக்கட்டும்.

மானிஃபோல்ட் பக்கத்தில் இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் ஒரே கேஸ்கெட். சில பிடிகள் ஒரே நேரத்தில் இரண்டு விளிம்பையும் அழுத்துகின்றன. இரண்டின் கனமும் ஒன்றாக இல்லாவிட்டால் மெலிந்தது தளர்ந்தே நிற்கும். இதை முன்கூட்டியே அளந்து பாருங்கள். சிலிகான் பசை விஷயத்திலும் அடக்கம் வேண்டும். வெளியே பிதுங்குவது நம் கண்ணுக்குத் தெரிகிறது. அதே அளவு உள்ளேயும் பிதுங்கி, உதிர்ந்து, எண்ணெய்ப் பம்பின் வடிகட்டியில் போய் உட்காரும்.

எல்லாம் மாட்டி இன்ஜின் ஓடியதும் வேலை முடியவில்லை. சூடாகிக் குளிரும்போது கேஸ்கெட் இன்னும் கொஞ்சம் அமுங்கும், ஸ்டட்டின் பிடி குறையும். மறு இறுக்கம் கேட்கும் வகைக் கேஸ்கெட் என்றால், முதல் ஓட்டத்துக்குப் பிறகும், சுமார் 500 மைல் அதாவது 800 கி.மீ. கழித்தும், குளிர்ந்த நிலையில் ஒவ்வொரு நட்டாகத் துளி தளர்த்தி மறுபடி அளவுக்கு இறுக்குங்கள். ஹெட் கீழே இறங்கிவிட்டதால் டேப்பட் இடைவெளியும் மாறியிருக்கும், அதைத் திரும்ப 0.010 அங்குலத்துக்கு வையுங்கள். ரேடியேட்டரில் குமிழி வருகிறதா, எண்ணெய் மூடியின் அடியில் பால் விட்ட காப்பி நிறத்தில் நுரை இருக்கிறதா என்று சில வாரம் கவனியுங்கள்.

அன்பர்களே, நிறைவாக ஒன்று. ஓர் இன்ஜினில் மிகவும் மலிவான, மிகவும் மென்மையான பாகங்களில் ஒன்று கேஸ்கெட். அது வேண்டுமென்றே அப்படிச் செய்யப்பட்டது. அமுங்குவதும் விட்டுக்கொடுப்பதும் அதன் கடமை. அது அமுங்குவதால்தான் விலைமதிப்பில்லாத ஹெட்டும் பிளாக்கும் பிழைக்கின்றன. அது போய்விட்டால் அது குற்றவாளி அல்ல, சாட்சி. எங்கே எரிந்திருக்கிறது, எங்கே அழுந்தவே இல்லை என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். ஆகவே பழைய கேஸ்கெட்டைக் கழற்றியதும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பத்திரமாக நனைத்து எடுத்து, தெளிவான பைக்குள் வைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். அது சொல்வதைக் கேட்ட பிறகு புதியதை வாங்கப் போங்கள்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார்.